காரும் கானமும்

இரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். வண்டியைப் பற்றி நாம் எழுதப்போவதில்லை. வண்டிக்குள் இருந்து பாடும் பெட்டியைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றோம். நாகபுரியில் நம்மவர் இல்லங்கள் பலவற்றின் வாயிலில் இப்போது ஒரு சிறு கார் நிற்கின்றது. புதிதோ பழையதோ, அதில் ஒரு பாட்டுப் பெட்டியும் உண்டு. அது நன்றாகப் பாடவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாதவர் அரியர். குறை தீரக் கடைக்குச் சென்றவர்களில் பலர் பெரும்பணம் கொடுத்து, முன்னைவிடப் பெரிய ஓசையை வாங்கி வந்தனர். நாம் தேடியது ஓசையை அன்று; சொல்லை. அது கிடைத்த விதம் பிறருக்கும் பயன்படலாம்.

நாம் கார் வாங்கியது ஆடம்பரத்திற்காக அன்று. 2022ஆம் ஆண்டில் நம் அன்னையாருக்குக் கண் அழுத்த நோய் முற்றிவிட்டது. பக்கப் பார்வை போய், குழல் ஒன்றின் வழியே உலகைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. இந்நோயில் இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பதுவே மருத்துவம். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆட்டோவில் ஏறவும் இறங்கவும் அவர் அஞ்சினார். ஆதலின், வேறொருவர் ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய சிறு கார் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று வாங்கினோம்.

அன்னையார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரினர். நாகபுரிக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும், ‘பானி’ என்னும் சொல்லுக்கு மேல் இந்தி ஏறவில்லை; மராட்டி அதுவும் இல்லை. அண்டை வீட்டுப் பெண்களோடு புன்னகையினாலேயே உறவாடுவார். கண் தெளிவாக இருந்தவரை ஊரிலிருந்து வரும் வார இதழ்களை விளம்பரம் விடாமல் படிப்பார். அதுவும் போனபின் செவி ஒன்றே அவருக்கு எஞ்சியது. வீட்டுத் தொலைக்காட்சி பிள்ளைகளின் ஆட்சியில் இருந்தது. அது இந்தியில் பேசிற்று. கைப்பேசி இருக்கின்றதே எனலாம். அதன் மெல்லிய ஒலி அவர் செவிக்கு எட்டுவதில்லை; காதில் செருகும் கருவியை அவர் கையால் தொடுவதும் இல்லை. ஆகவே காரின் முன்னிருக்கையில் அமர்ந்து செல்லும் நேரமே அவருடைய தமிழ் நேரம் என்று நாம் எண்ணியிருந்தோம்.

முதன்முதலில் நாம் வைத்தது கே. பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டு. அன்னையார் சற்று நேரம் கேட்டார். “ஏன்டா, சுந்தராம்பாளைப் பானைக்குள்ள போட்டு மூடி வச்சிருக்கியா? ராகம் வருது, வார்த்தை வரலையே” என்றார். ஒலியைக் கூட்டினோம். “தலை வலிக்குது, கொறைச்சிடு” என்றார். மூன்றாம் மாதம் கை பெட்டியின் பக்கம் போகும்போதே தடுத்து, “பாட்டு வேண்டாம்ப்பா, சும்மாவே போவோம்” என்றார். அந்தச் ‘சும்மாவே’ என்னும் சொல்தான் நம்மை ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க வைத்தது.

அதற்கு முன் கடை ஒன்றிலும் விசாரித்தோம். கடைக்காரர் கதவைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொடுதிரைப் பெட்டி ஒன்று, ஆம்ப்ளிபையர் ஒன்று, டிக்கியில் வைக்கும் ஊபர் பெட்டி ஒன்று, ஆக ரூ. 28,000 என்று தாளில் எழுதிக் கொடுத்தார். தாளைக் கண்ட நம் துணைவியார், “ஏங்க, இது பாப்பாவோட ஒரு வருஷ பீஸுங்க” என்றார். அதற்குமேல் அப்பேச்சு வளரவில்லை.

ஆயினும் அந்தத் தாளில் இருந்த ‘50 வாட்’ என்னும் எண் நம் மனத்தை விட்டு அகலவில்லை. பத்தாம் வகுப்பில் படித்த பௌதிகத்தைக்கொண்டே இதைச் சரிபார்க்கலாம். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். வண்டி ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 4 ஓம். தனி ஆம்ப்ளிபையர் இல்லாத பெட்டியில், உள்ளிருக்கும் சிறு சில்லு தரக்கூடிய தூய ஆற்றலைக் காண, 14ஐ 14ஆல் பெருக்கித் தடையின் இருமடங்காகிய 8ஆல் வகுக்க வேண்டும். விடை 24½ வாட். இதற்குமேல் தூய ஒலி தர அதற்கு வழியே இல்லை. சில்லிலேயே வீணாவது போக 18 அல்லது 20 வாட் கைக்கு வந்தால் பெரிது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 50 என்பது, உருக்குலைந்த ஒலியையும் சேர்த்து ஒரு கணத்திற்கு எழுதும் கணக்கு. பில் பிரிவில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. மொத்தச் சம்பளம் வேறு, பிடித்தம் போக வருவது வேறு அன்றோ? ஆனால் சிறு காரின் உள்ளே அந்த 20 வாட்டே தாராளம். குறை வாட்டில் இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் அலுவலகத்தின் சிக்னல் பிரிவில் மராட்டிய நண்பர் ஒருவர் இருக்கின்றார். எதையும் வாங்குமுன் இருக்கும் கம்பியைச் சோதி என்பது அவர் கொள்கை. ஒரு ஞாயிறன்று மல்ட்டிமீட்டரும் சுவர்க்கடிகாரத்தின் 1½ வோல்ட் பாட்டரியும் கொண்டு வந்தார். பெட்டியை வெளியே இழுத்து, ஸ்பீக்கர் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, பாட்டரியை அக்கம்பிகளில் ஒரு நொடி மட்டும் தொடுவித்தார். இடப்பக்கத்து ஸ்பீக்கரின் தாள் வெளியே துள்ளியது. வலப்பக்கத்தது உள்ளே இழுத்துக்கொண்டது. முன்பு யாரோ பெட்டியை மாற்றியபோது ஒரு பக்கத்துக் கம்பிகளைத் தலைமாற்றி முறுக்கிவிட்டிருக்கின்றனர்.

இதனால் வரும் தீங்கு சிறிதன்று. பழைய திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றில் இடப்பக்கம் வருவதும் வலப்பக்கம் வருவதும் ஒன்றே. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தால், இரண்டும் நடுவே மோதி ஒலியின் பெரும்பகுதி அழிந்துவிடும். எஞ்சுவது உள்ளீடற்ற குரல். அன்னையார் சொன்ன பானை இதுவே. கருவிகள் பல இரு தடங்களில் வெவ்வேறாகப் பிரிந்து வரும் புதிய பதிவுகளில் இக்குறை அவ்வளவாகத் தோன்றுவதில்லை. ஆகவேதான் வண்டியை விற்றவருக்கு இது தெரியவே இல்லை போலும். கம்பிகளை மாற்றி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினோம். செலவு ஒரு காசும் இல்லை. குரல் இரு கதவுகளிலிருந்தும் நீங்கி, முன்கண்ணாடிக்கு நேரே நடுவில் வந்து நின்றது.

அடுத்து வந்தது கதவு. இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் கடைகளில் எவரும் இதைப் பேசுவதில்லை. ஸ்பீக்கரின் தாள் முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கின்றது. முன்னொலியும் பின்னொலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் மடியும். வீட்டு ஸ்பீக்கரை மூடிய மரப்பெட்டிக்குள் அமைப்பது இதற்காகவே. காரிலோ கதவுதான் பெட்டி. மலிவான கதவின் உட்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் பல இருக்கும். அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே மறைத்திருக்கும். வெளித்தகடோ எண்ணெய் டின்னைப் போல் மெல்லியது. அதுவும் பாட்டோடு சேர்ந்து தானும் பாடத் தொடங்கிவிடும்.

கதவின் உள்ளலங்காரப் பலகையைக் கழற்றுவது நாம் அஞ்சிய அளவு கடினமாக இல்லை. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று திருகாணிகளை எடுத்தபின், ஓரங்களில் உள்ள கிளிப்புகளைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் மெல்ல விடுவிக்க வேண்டும். பழைய கிளிப்புகளில் சில உடையும். பத்து கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நலம். வெளித்தகட்டை விரலால் தட்டினோம், ‘டங்’ என்றது. ஸ்பிரிட்டால் துடைத்து, அலுமினியத் தாள் முகப்புள்ள 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை அதன் நடுப்பகுதியில் ஒட்டினோம். முழுவதும் ஒட்டவேண்டுவதில்லை, பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்குமேல் ஒட்டினால் பயன் சிறிதும் பாரம் பெரிதும் ஆகும், கீல்தான் வருந்தும். ஷீட்டைக் காற்றுக்குமிழி இன்றி அழுத்தித் தேய்க்க வேண்டும். துணைவியார் சப்பாத்திக் கட்டையைத் தர மறுத்துவிட்டமையால், உருண்டையான பழைய மருந்துப் புட்டி ஒன்று அப்பணியைச் செய்தது. மறுபடி தட்டினோம், ‘டொக்’ என்றது.

பியூட்டைலுக்கு மாறாக, மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை வெட்டி ஒட்டுவோர் உண்டு. விலை மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் மே மாதத்தில் நாகபுரி வெயில் 45 பாகையைத் தாண்டுவதை நாம் அறிவோம். மூடி நிறுத்திய காரினுள் வெப்பம் இன்னும் ஏறும். தார் இளகி வழிந்து கதவின் அடியில் இறங்கும். அதன் நாற்றம் வண்டியை விட்டுப் போகாது. ஊர் வெயிலை எண்ணியே பொருளைத் தேர வேண்டும்.

பிறகு உட்தகட்டின் பெரிய துளைகளை, அளவாக வெட்டிய அலுமினியத் தகடுகளால் மூடி, ஓரங்களைப் பியூட்டைலால் ஒட்டினோம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வடியும். அத்துளைகளை எக்காரணத்தாலும் அடைக்கலாகாது. அடைத்தால் இரண்டு மழைக்காலங்களில் கதவு துருப்பிடிக்கும். பூட்டுக் கம்பியும் கண்ணாடியும் தடையின்றி ஓடுகின்றனவா என்பதையும் மூடுமுன் பார்க்க வேண்டும். பூட்டுக் கம்பியில் துணி டேப்பைச் சுற்றியதால், நாம் நெடுநாள் வேறெங்கோ தேடிய ‘கிணிகிணி’ ஓசையும் அன்றோடு ஒழிந்தது.

ஸ்பீக்கர் அமரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டில் ஒரு வளையம் செய்து, இருமுறை வார்னிஷ் பூசிப் பொருத்தினோம். தச்சர் எம்.டி.எப். பலகையில் செய்தால் மலிவு என்றார். அது ஈரத்தில் ஊறி உப்பிவிடும் என்பதால் வேண்டாவென்றோம். வளையத்தின் கனத்தால் ஸ்பீக்கர் சிறிது முன்னுக்கு வரும். அதன் காந்தம் இறங்கும் கண்ணாடியில் இடிக்காது. ஆயினும் துளையிடுமுன் கண்ணாடியை முழுதும் இறக்கி அளந்து பார்ப்பதே முறை.

இரண்டு கதவுகளுக்கும் இரண்டு ஞாயிறுகள் ஆயின. முடித்தபின் ஒரு நாகசுரக் கச்சேரியை வைத்தோம். அதுவரை ‘தொம் தொம்’ என்று ஒரே குழப்பமாக ஒலித்த தவிலில், வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே கேட்டன. கதவைச் சாத்தும் ஓசையே மாறிவிட்டது. “அப்பா, இது பெரிய கார் கதவு மாதிரி மூடுது” என்று நம் மகள் பத்து முறை திறந்து திறந்து சாத்தினாள்.

ஆனால் அன்னையார் கேட்டது தவிலை அன்று; வார்த்தையை. பேச்சில் உயிரெழுத்தின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. மெய்யெழுத்துகளின் அடையாளமோ பெரும்பாலும் வினாடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுகளிலும் அதற்கு மேலும் அமைந்துள்ளது. முதுமையில் செவி முதலில் இழப்பது இந்த உயர்ந்த அதிர்வுகளையே. ஆதலால் முதியோர்க்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. “கத்தாதே, தெளிவாய்ச் சொல்” என்று பெரியோர் கடிந்துகொள்வதன் காரணம் இதுவே. பெட்டியின் ஒலியைக் கூட்டும்போது கேட்டுக்கொண்டிருக்கும் தாழ்ந்த ஒலியும் சேர்ந்து கூடித் தலைவலியைத் தருகின்றது. மேலும், உயர்ந்த அதிர்வுகள் விளக்கொளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை. வண்டியின் ஸ்பீக்கரோ முழங்காலுக்குக் கீழே இருக்கின்றது. எனவே மெய்யெழுத்துகளை எல்லாம் அன்னையாரின் சேலைக் கொசுவமே கேட்டுக்கொண்டிருந்தது!

இதற்கு மருந்து, ட்வீட்டர் என்னும் சிறு ஸ்பீக்கரைத் தனியே மேலே வைப்பது. ஆகவே கதவுக்கு ஒன்றும் டேஷ்போர்டின் மூலைக்கு ஒன்றுமாகப் பிரிந்து வரும் செட் ஒன்றை வாங்கினோம். வாங்கும்போது அட்டையில் வாட்டைப் பார்க்கவில்லை. டெசிபல் எண்ணைப் பார்த்தோம். ஒரே ஆற்றலுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் காட்டுவது அந்த எண். 87 டெசிபல் ஸ்பீக்கரைவிட 90 டெசிபல் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபையரை இருமடங்காக்கியதற்கு ஒப்பான ஒலி தரும். சிறிய பெட்டியை வைத்துக்கொண்டிருப்போர்க்கு இது ஒன்றே பெரிய சிக்கனம். பழைய ஸ்பீக்கரை மாற்ற விரும்பாதவர் ட்வீட்டரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது தாழ்ந்த ஒலி அதனுட்புகுந்து அதை எரித்துவிடாதபடி, முனைபேதமற்ற கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக இணைப்பது இன்றியமையாதது. 4 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோபாரட் இணைத்தால், சுமார் 4000 அதிர்வுக்குக் கீழுள்ளவை படிப்படியாகக் குறைந்துவிடும். ட்வீட்டரை ஒட்டுமுன் களிமண் வைத்துத் தற்காலிகமாகப் பொருத்தி, கேட்பவரை இருக்கையில் அமர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அன்னையார் “இன்னும் கொஞ்சம் எம்பக்கம்… போதும், நிறுத்து” என்ற இடத்தில்தான் இன்றும் அது இருக்கின்றது.

மின்சாரத்தில் விளையாட்டு ஆகாது. பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். 2019 ஜூலைக்குப் பின் விற்கப்பட்ட புதிய கார்களில் ஓட்டுநர் முன் காற்றுப்பை கட்டாயமாயிற்று. சில வண்டிகளில் முன்கண்ணாடித் தூணுக்குள்ளும் காற்றுப்பை இருக்கும். மஞ்சள் நிற இணைப்பு எங்கேனும் தென்பட்டால், அது காற்றுப்பையினுடையது எனக் கொண்டு கையை எடுத்துவிடுக. நம் வண்டி அத்தொல்லை இல்லாத பழையது. வண்டியோடு வந்த இணைப்புகளை வெட்டுதல் கூடாது; அவற்றில் பொருந்தும் மாற்று இணைப்புகள் கடையில் கிடைக்கின்றன. புதிய வண்டியாயின் வாரண்டிக்கும் இதுவே காப்பு. தனி ஆம்ப்ளிபையர் வைப்போர், பாட்டரியிலிருந்து கம்பி புறப்படும் இடத்திலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் வைக்க வேண்டும். பியூஸ் காப்பது கருவியை அன்று, கம்பியை. எங்கேனும் கம்பி உரசி உடம்புத் தகட்டில் பட்டால், பியூஸ் இல்லாத வண்டியில் தீப்பிடிக்கப் பாட்டரி ஒன்றே போதும். இதைச் சொல்லும்போது சிக்னல் நண்பர் சிரிப்பதில்லை.

கைப்பேசியைச் சார்ஜரில் செருகி, கம்பி வழியே பெட்டியோடும் இணைத்தால், எஞ்சின் வேகத்திற்கு ஏற்ப ஏறி இறங்கும் ‘ஙொய்’ என்னும் ஓசை ஒன்று வரும். எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதே அதற்குக் காரணம். கம்பியை விடுத்துப் புளூடூத்தில் இணைத்தால் அது அடங்கும்.

இறுதியாகப் பெட்டியின் குமிழ்கள். ‘லவுட்’ என்பதை அணைத்தோம். பேஸ் இரண்டு படி குறைத்தோம். 2500ஐ ஒட்டிய பட்டையை இரண்டு படி ஏற்றினோம். இளைஞர் ஒருவர் நம் காரில் ஏறினால் “பேஸே இல்லையே” என்பார். உண்மைதான், அது அவருக்காகச் செய்த கார் அன்று.

செலவுக் கணக்கு: பியூட்டைல் ஷீட் ரூ. 1,900, ஸ்பீக்கர் செட் ரூ. 3,200, பிளைவுட், வார்னிஷ், கிளிப், டேப் முதலிய சில்லறை ரூ. 540. ஆக ரூ. 5,640. துணைவியார் இதைக் கூட்டிப் பார்த்து ஒப்பமிட்டிருக்கின்றார்.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் இராம்டேக் மலைக்குச் சென்றோம். 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சுந்தராம்பாள் ஔவையாராக வந்து முருகனைப் பாடும் பாட்டு ஓடிற்று. முன்பு ஒலியளவு 24இல் வைத்தும் விளங்காத பாட்டு, இப்போது 14இலேயே விளங்கிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னிருக்கையிலிருந்த மகள்தான் பேசினாள். அவள் இங்கேயே பிறந்து இந்தியில் படிப்பவள். ழகரம் நாவில் வராது. ‘பலம்’ என்றோ ‘பளம்’ என்றோ சொல்லி நம்மிடம் நாள்தோறும் திருத்தம் வாங்குபவள்.

“அப்பாயி, இந்தப் பாட்டி ‘பழம்’னு சொல்றப்ப நாக்கை என்ன பண்றாங்க?”

ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடும் 2000, 3000 அதிர்வுகளின் பகுதியில்தான் மிகுதியும் தங்கியிருக்கின்றது. நாம் முதியவர் ஒருவருக்காகத் திருப்பி வைத்த ட்வீட்டர், பின்னிருக்கைக்கும் வேலை செய்திருந்தது. அன்னையார் பாட்டை நிறுத்தச் சொன்னார். “நாக்கை மடிச்சு மேல கொண்டுபோ, ஒட்டவிடாதே, அந்தரத்துல நிறுத்து” என்றார். இராம்டேக் வரும்வரை வண்டிக்குள் பழமும் மழையும் வாழையுமாகவே இருந்தது. பாட்டைத் திரும்பப் போட எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

பியூட்டைல் ஷீட்டில் ஏறக்குறைய பாதிச் சுருள் எஞ்சியிருக்கின்றது. அது ஒரு கதவுக்குப் போதும். சங்க அன்பர்களில் எவரேனும் தம் வண்டியைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஞாயிறு காலை நம் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். மே மாதம் மட்டும் வேண்டா. வாயிலில் வேப்பமர நிழல் உண்டு. மல்ட்டிமீட்டரும் நெம்புகோலும் உண்டு. கிளிப்புகளை மட்டும் அவரவர் வண்டிக்கு ஏற்ப வாங்கி வருக. வேலை முடிந்தபின் முன்னிருக்கையில் அமர்ந்து சரிபார்க்க அன்னையார் இசைந்திருக்கின்றார். பாட்டை அவரே தேர்ந்தெடுப்பார்.